ஜன்னலோரம் என்கிற தோழி

வலைப்பூ எழுதுவது எனக்கு ஒத்துவரவில்லை, டாக்டர். அங்கிருந்து ஆரம்பித்தால்தான் மற்றதெல்லாம் உங்களுக்குப் புரியும்.

என் கணவர் இறந்த பிறகு மகள்தான் எனக்கு ஒரு வலைப்பூ அமைத்துக் கொடுத்தாள். "பத்திரிகையில எழுதின கை. சும்மா வெச்சுக்கிட்டா துருப்பிடிச்சுடும்" என்றாள். மேலே ஒரு பூந்தொட்டிப் படம், அதற்குக் கீழே என் பெயர். நானும் எழுதினேன். பால்கனிச் செடிகள், முட்டிவலி, எதிர்வீட்டுக்காரர் வெயில் காலத்திலும் குடையை விரித்துக் காயப்போடும் அழகு. எழுதி முடித்துவிட்டுக் காத்திருப்பேன். பின்னூட்டங்கள் என்ற இடத்தில் பூஜ்யம் இருக்கும். ஒருநாள் அது ஒன்று என்று மாறியது. ஆசையாகத் திறந்து பார்த்தால், பக்கத்து அறையிலிருந்து மகள் "சூப்பர்ம்மா" என்று போட்டிருக்கிறாள்.

காலி வீட்டில் சத்தமாகப் பேசிக்கொண்டிருப்பதற்கும் வலைப்பூவுக்கும் பெரிய வித்தியாசமில்லை. கணக்கு எதுவும் தொடங்காமல் நான் தினமும் படித்துவந்த இணைய மன்றம் அப்படியில்லை. வெள்ளைச் சட்டையில் கறை போகவில்லை என்று யாராவது ஒரு திரி, அதாவது ஒரு புதுப் பேச்சு, தொடங்கினால் போதும், சாயங்காலத்துக்குள் ஒரு கூட்டமே கூடிவிடும். ஒருவர் எலுமிச்சை என்பார், ஒருவர் சட்டையை மாற்று என்பார், ஒருவர் கோபித்துக்கொண்டு வெளியேறிவிட்டுச் சாப்பாட்டுக்குப் பிறகு திரும்பி வருவார். பெரிய குடும்பத்தில் இருப்பது போல இருக்கும். அத்தனை பேருக்கும் சமைக்க வேண்டாம் என்பது கூடுதல் வசதி.

என் வேலையைப் பற்றியும் கேட்டீர்கள். பெண்கள் வார இதழ் ஒன்றில் கேள்வி பதில் பக்கம் என்னுடையது. வாசகிகள் கேட்பார்கள், 'அக்கா' பதில் சொல்வாள். அக்கா நான்தான். கடிதங்கள் குறைந்த வாரங்களில் கேட்கிற தங்கையும் நான்தான். ஆசிரியருக்கு அது தெரியும். "பக்கம் காலியா போகக் கூடாதும்மா, அவ்வளவுதான்" என்பார். இந்த வாரம் மருமகளாகப் புலம்புவேன். அடுத்த வாரம் மாமியாராக அதற்கு மறுப்பு எழுதுவேன். இரண்டு பேருக்கும் ஊரெல்லாம் ஆதரவு இருந்தது. அதனால் யாருக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லை.

என் மகளை நீங்கள் வார்டில் பார்த்த விதம் வேறு. அவள் உண்மையில் கலகலப்பானவள். பல் செட் செய்யும் லேபில் வேலை. முகம் தெரியாத ஒருவரின் கடைவாய்ப் பல்லை மெழுகில் செதுக்கி, விளக்குக்கு நேரே பிடித்துப் பார்ப்பாள். "இவர் ரொம்பக் கோபக்காரரும்மா, பல்லைக் கடிச்சுக் கடிச்சே தேய்ச்சிருக்கார்" என்று சிரிப்பாள். துறைமுகத்தில் எஞ்சினியராக இருக்கும் பையனோடு கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. நல்ல பையன். அவர் இருக்கும் நகரத்திலேயே இவளுக்கும் ஒரு லேபில் வேலை கிடைத்தது. ஒரு பகல் முழுக்க ரயிலில் போக வேண்டிய தூரம்.

அவள் காலையில் வேலைக்குக் கிளம்பிய பிறகு வீட்டில் ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று நிற்கும். அது நிற்கும்போது ஒரு அமைதி வரும் பாருங்கள், அதில் எனக்குக் கை கால் ஜில்லிட்டுப் போகும். சாயங்காலம் அவள் வந்துவிடுவாள் என்பதால் தாங்கிக்கொண்டேன். வராத சாயங்காலங்களை நான் யோசித்துப் பார்த்தேன்.

அந்த நேரத்தில்தான் அவளுக்கு நெஞ்சு படபடத்தது. கல்யாணம், புது ஊர், புது வேலை; யாருக்கும் வரக்கூடியதுதான். எங்கள் குடும்ப டாக்டர் சிரித்துக்கொண்டே, "ஒண்ணும் இல்லம்மா, தூக்கத்துக்கு அரை மாத்திரை போட்டுக்கோ, வழக்கம்போல வேலைக்குப் போ" என்றார். அவளுக்குத் திருப்தியில்லை. நான் சொல்லித்தான் மன்றத்தில் சேர்ந்தாள். உடல்நலப் பகுதியில் 'மெழுகு' என்ற பெயரில் ஒரு திரி தொடங்கினாள். பஸ்ஸில் போகும்போது இதயம் நின்றுவிடும் போல இருக்கிறது, வேறு யாருக்காவது இப்படி உண்டா என்று கேட்டிருந்தாள்.

மாலை வரை பதில் இல்லை. சாப்பிடும்போது ஃபோனைத் திறந்து திறந்து பார்த்தாள். அந்தப் பூஜ்யத்தை நான் அறிவேன். பெற்ற மனம் கேட்கவில்லை. அடுப்படியில் நின்றபடியே 'ரிடையர்டு நர்ஸ்' என்ற பெயரில் ஒரு கணக்குத் தொடங்கி, எனக்கும் உண்டு கண்ணு, தண்ணீர் நிறையக் குடி என்று எழுதினேன். அடுத்த அறையில் அவள் "அம்மா, ஒருத்தங்க பதில் போட்டிருக்காங்க" என்று கத்தினாள். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்தை நீங்கள் கேட்டிருக்க வேண்டும்.

ஒரே ஆள் பதில் சொன்னால் திரி களைகட்டாது. அதனால் 'இரட்டையர் அம்மா' வந்தாள். எல்லோரும் ஒத்துப்போனால் நம்பும்படி இருக்காது என்பது பத்திரிகையில் கற்றது. அதனால் 'வழிப்போக்கன்' வந்தான். "சும்மா பயந்து சாகாதீங்க, ஒரு டீ குடிச்சா சரியாயிடும்" என்று நக்கலடிப்பான். நர்ஸ் அவனை விளாசுவாள்: "தம்பி, வார்டுல உன்ன மாதிரி டீ குடிச்சுட்டு வந்தவங்களத்தான் நான் முதல்ல தூக்கிப் போட்டேன்." மகள் இதைப் படித்துச் சிரிப்பாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கழுத்தில் இரண்டு விரலை வைத்து நாடி பார்ப்பாள்.

பிறகு 'ஜன்னலோரம்' வந்தாள். மகளுடைய வயது, மகளுடைய பயம், மகளைப் போலவே வேற்றூரில் நிச்சயமானவள். அவளை எழுதும்போது எனக்கே வயது குறைந்தது. இருவரும் நாள் முழுக்கப் பேசிக்கொண்டார்கள். "ஜன்னலுக்கு என்னைவிட மோசம்மா, லிஃப்ட்ல ஏறவே மாட்டாளாம்" என்றாள் மகள். மறுநாள் அவளும் லிஃப்டை விட்டுவிட்டாள். பஸ்ஸில் ஏறினால் மூச்சு அடைக்கிறது என்று ஜன்னல் எழுதினாள். மகள் நடந்து போக ஆரம்பித்தாள். லேபின் வெள்ளை விளக்குகள் மூளையைக் குழப்பும் என்று நர்ஸ் எழுதினாள். மகள் லீவு போட்டாள். நான் யாரையும் வற்புறுத்தவில்லை. அவர்கள் தங்கள் அனுபவத்தைச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

குளிக்கப் போனால் கதவைத் திறந்தே வைத்துக்கொள்வாள். "அம்மா, வெளியவே நில்லு. பேசிக்கிட்டே இரு. சத்தம் நின்னா எனக்கு என்னமோ ஆயிடும்" என்பாள். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பேன். பேச்சு வாயில் ஓடும், கையில் ஃபோன் இருக்கும். தலை துவட்டிக்கொண்டு அவள் வெளியே வரும்போது ஜன்னலின் பதில் அவளுக்காகக் காத்திருக்கும். அவள் உடம்பு வெடவெடவென்று நடுங்கும். நான் அணைத்துக்கொள்வேன். சின்ன வயதில்கூட அவள் என்னை அவ்வளவு இறுக்கிப் பிடித்ததில்லை.

கல்யாணத்துக்கு முன்பே ஊரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று அந்த எஞ்சினியர் தம்பி இரண்டு டிக்கெட்டோடு வந்தார்.

"ட்ரெயின்ல உன் பக்கத்துலயேதான் இருக்கப்போறேன். மூச்சு முட்டினா என் மூச்சுல பாதி எடுத்துக்க" என்றார். அவள் சிரித்தாள். பல நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு. பிறகு அவர் என்னிடம் தனியாக வந்தார். "அத்தை, அந்த ஃபோரத்தை மூடச் சொல்லுங்க. கட்டிக்கப்போற என்னைவிட அந்த ஜன்னல் சொல்றதுதான் இவளுக்கு வேதமா இருக்கு."

"விடுங்க தம்பி, பேச்சுத் துணைக்கு யாராவது வேண்டாமா" என்றேன்.

அவள் பெட்டியை எடுத்துத் துடைத்தாள். துணி மடித்தாள். அவளுடைய அலமாரியில் ஒரு தட்டு காலியானது. அந்தக் காலித் தட்டின் முன்னால் நான் நின்றேன். ஃபிரிட்ஜ் ஓடி நின்றது.

மறுநாள் ஜன்னலோரத்தின் அண்ணன் மன்றத்தில் எழுதினார். எல்லோரும் தடுத்தும் கேட்காமல் தங்கை ரயில் ஏறினாள், பாதி வழியிலேயே இதயம் நின்றுவிட்டது, கடைசியாக மெழுகுவைத்தான் கேட்டாள் என்று. அதை எழுதும்போது நானும் அழுதேன் டாக்டர். பொய்யாக இல்லை. அவளை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

மகள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். டிக்கெட்டுகளைக் கிழித்தது அவள்தான். நான் தொடக்கூட இல்லை.

என் தவறு அதற்குப் பிறகு வந்தது. பத்திரிகையில் ஒருத்தி செத்தால் அடுத்த வாரம் இரங்கல் கடிதங்கள் வரும், முடிந்துவிடும். மன்றத்தில் மட்டுறுத்துனர் என்று ஒருவர் உண்டு. எல்லாவற்றையும் மேற்பார்வை பார்ப்பவர். நல்ல மனிதர். இறந்த பெண்ணின் குடும்பத்துக்கு உறுப்பினர்கள் சார்பில் ஆறுதல் சொல்ல வேண்டும் என்று அவளுடைய கணக்கைத் தோண்டியிருக்கிறார். ஜன்னலோரம், அவள் அண்ணன், நர்ஸ், இரட்டையர் அம்மா, வழிப்போக்கன், மெழுகு ஆகிய ஆறு பேரும் ஒரே வீட்டு இணைப்பிலிருந்து எழுதுவது தெரிந்துவிட்டது. அவரும் பாவம், அவசரப்பட்டுவிட்டார். 'மெழுகு என்பவர் தானே கேட்டு, தானே பதில் சொல்லி, தானே இறந்தும் காட்டி நம்மையெல்லாம் அழவைத்திருக்கிறார்' என்று அறிவிப்புப் போட்டு ஆறு கணக்குகளையும் நீக்கினார். கீழே மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். "செத்தவங்களுக்கு டிபன் ஆச்சா" என்று ஒருவர். "அடுத்து யாரு, பேயா வர்றீங்களா" என்று இன்னொருவர்.

மகள் ஃபோனைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கு வந்தாள். உதடு வெளுத்திருந்தது.

"அம்மா, எல்லாரும் ஒரே வீடுன்னு போட்டிருக்காங்க. வீட்ல நாம ரெண்டு பேர்தானே."

நான் அடுப்பை அணைத்தேன். அவள் என்னைக் கேட்பாள் என்று நினைத்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நம்புகிறேன். ஆனால் அப்படி ஒன்று அவள் மனதில் தோன்றவே இல்லை. நான் அவள் அம்மா.

"எல்லாத்தையும் திரும்பப் படிச்சேம்மா. நர்ஸ் பேசுறது, ஜன்னல் பேசுறது, எல்லாமே நம்ம வீட்டுப் பேச்சு. 'மனசு ஈரத்துணி மாதிரி கனக்குது'ன்னு நாமதானே சொல்லுவோம்." ஃபோனைக் கவிழ்த்து மேடையில் வைத்தாள். பிறகு மிக மெதுவாகக் கேட்டாள். "நானாம்மா? நானேவா எழுதினேன்?"

நான் அவள் தலையைத் தடவினேன்.

"மாத்திரை போட்டுட்டு மத்தியானத்துல படுத்திருப்ப. கண்ணு மூடியிருக்கும், விரல் மட்டும் ஃபோன்ல ஓடிக்கிட்டே இருக்கும். நீ பயந்துடுவியேன்னுதான் நான் சொல்லல."

அவள் அப்போது எழுப்பிய சத்தத்தை அழுகை என்று சொல்ல முடியாது. தன் கைகளைத் தன்னிடமிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு அவற்றையே பார்த்தாள். "இதைப் பிடிச்சுக்கோம்மா, இது இன்னும் என்ன பண்ணும்னு தெரியல" என்றாள். நான் பிடித்துக்கொண்டேன். அன்று சாயங்காலம் அவளேதான் உங்கள் வார்டுக்கு வர வேண்டும் என்று சொன்னாள். நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு நான்தான் பக்கத்திலிருந்து பதில் சொன்னேன். நினைவிருக்கும்.

அதன் பிறகு நீங்கள் மருந்தைக் கூட்டினீர்கள். உங்கள்மேல் குற்றமில்லை, நான் சொன்னதை வைத்துத்தான் கூட்டினீர்கள். மெழுகில் பல் செதுக்கிய கை, இப்போது ஸ்பூனை வாய்க்குக் கொண்டுபோகும்போது பாதி சிந்துகிறது. நானே ஊட்டிவிடுகிறேன்.

நான் மாட்டிக்கொண்டதும் மன்றத்தால்தான். பார்வை நேரம் முடிந்ததும் அவள் இங்கே, நான் அங்கே. வீடு எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள். புதிதாக ஒரு பெயரில் உள்ளே போய், என் மகள் மனநல வார்டில் இருக்கிறாள், என்ன செய்வேன் என்று எழுதினேன். ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை. எத்தனை பேர் ஆறுதல் சொன்னார்கள் தெரியுமா. 'கலங்காதீங்க அம்மா' என்று முகம் தெரியாதவர்கள். அதற்குள் அந்தத் தம்பி மட்டுறுத்துனரிடம் சண்டை போட்டிருக்கிறார், அவள் அப்படிப்பட்டவள் இல்லை என்று. அவரும் மறுபடி பார்த்திருக்கிறார்; என் புதுப் பெயரும் அதே வீட்டு இணைப்பிலிருந்துதான் வந்திருந்தது. ஃபோன் இல்லாமல் வார்டில் இருப்பவள் வீட்டிலிருந்து எப்படி எழுத முடியும். மீதியை அந்தத் தம்பி உங்களிடம் சொல்லிவிட்டார்.

ஆமாம், எல்லாவற்றையும் எழுதியது நான்தான். அவளுக்கு ஒரு நோயும் இல்லை. அவள் ஒரு வரிகூடத் தூக்கத்தில் எழுதியதில்லை. எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். அந்தத் தம்பி அவளை அழைத்துப்போவதென்றாலும் நான் குறுக்கே நிற்க மாட்டேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். இன்றைக்கே அவளிடம் சொல்ல வேண்டும் என்கிறீர்கள், அதுவும் என்னையே சொல்லச் சொல்கிறீர்கள். அது மட்டும் வேண்டாம் டாக்டர். இப்போதுதான் அவள் கொஞ்சம் அமைதியாகத் தூங்குகிறாள். கண் விழித்ததும் என் கையைத் தேடுகிறாள். இந்த உலகத்தில் நம்புவதற்கு அம்மாவாவது இருக்கிறாளே என்கிறாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இதையெல்லாம் எப்படிச் சொல்வேன்?

குழந்தையைப் பயமுறுத்த எனக்கு மனசு வராது.