பூட்டுக்கு ஆவாத பொம்மைங்க

இன்னா சிஸ்டர், கோணிய வெளியவே வெச்சிட்டுப் போன்னா எப்டி? விடியறதுக்கு முன்ன உத்திரமேரூர்ல பஸ் ஏறி, செங்கல்பட்டுல மாறி, பட்டணம் வரைக்கும் தலமேல சொமந்துக்கினு வந்துகீறேன். வாசப்படியில கொட்டிட்டுப் போறதுக்கா?

பேரு பவளம். ஊரு மானாம்பதி. மாதர் சங்கத்துலேர்ந்து அனுப்பிகீறாங்க. இது குழந்தைங்க வருசம்னு ரேடியோவுல சொல்லிக்கினே கீறாங்களே, அதுக்குத்தான் ஆஸ்பத்திரிப் புள்ளைங்களுக்குப் பொம்ம எடுத்தாந்தேன்.

குப்பைன்னு மட்டும் சொல்லாதீங்க, எனக்குக் கெட்ட கோவம் வரும். ஒண்ணொண்ணும் சோப்புப் போட்டுக் கழுவி, வெயில்ல காய வெச்சது. நல்லா பாருங்க. காரு நாலு சக்கரமும் ஓடுது. கிலுகிலுப்ப சத்தம் போடுது. பெயிண்டுதான் இல்ல. புள்ளைங்க பெயிண்டயா வெச்சி வெளாடப் போவுது?

அட, கண்டுபுடிச்சிட்டீங்களா? ஆமா, பழசு இல்ல. எல்லாம் புதுசு. அறுப்பு அறுத்த பொம்பளைங்க, களத்துல வாங்கின கூலி நெல்லுலேர்ந்து ஆளுக்கு ஒரு மொறம் அள்ளிப் போட்டாங்க. அத வித்துத்தான் காஞ்சிவரம் கடத்தெருவுல வாங்கினோம். நேத்து பூரா நான்தான் உப்புத்தாளு வெச்சித் தேய்ச்சேன். பொம்ம கவுனெல்லாம் டீத்தண்ணியில முக்கிக் கறையாக்கினேன். எங்க சங்கத் தலைவி சொக்கம்மா பாத்துட்டு தாம்தூம்னு குதிச்சாங்க. ஊரு நெல்ல வித்து வாங்கினத இப்டி நாசம் பண்றியே, பைத்தியமா புட்ச்சிகீதுன்னு. ஆமா, புட்ச்சிதான் கீதுன்னேன்.

எதுக்கா? கொஞ்சம் பின்னாடி திரும்பிப் பாருங்க. அந்தக் கண்ணாடி பீரோ. உள்ள எவ்ளோ பொம்ம! ஒண்ணுமேல ஒரு கீறல் உண்டா? யாரோ பெரிய மனுசரு குடுத்தாரு, போட்டோ புட்ச்சாங்க, பூட்டிட்டாங்க. பளபளன்னு எது வந்தாலும் அதுக்குள்ளதான் போவுது. கறபட்டத யாருனா பீரோவுல வெப்பாங்களா? மாட்டாங்க இல்ல? அதான். இது புள்ளைங்க கைக்குத்தான் போவணும். வேற போக்கெடம் இருக்கக் கூடாது.

பெரிய டாக்டரக் கேக்கணுமா? கேளுங்க, நானும் கூட வரேன். பேஜாரு புட்ச்சவள்னு திட்டுவாரா? திட்டட்டும். ஒவ்வொரு கட்டிலா போயி என் கையால குடுத்துட்டுத்தான் வூடு போய்ச் சேருவேன்.

பீரோ கத எனக்கு எப்டித் தெரியுமா? போன மழக்காலத்துல நான் இந்த வார்டுலதான கெடந்தேன். அதோ, அந்த ஜன்னலோரக் கட்டிலு, பீரோவுக்கு நேரா கீதே, அதுல எங்க அம்முலு. கடைசித் தங்கச்சி. மூளக்காய்ச்சலு. மேல்தட்டுல நீலக் கவுனு போட்டுக்கினு ஒண்ணு ஒக்காந்துகீது பாருங்க, அத ஒரு தபா மடியில வெச்சிக்கினு குடுத்துடறேன்க்கான்னு கேட்டுக்கினே இருந்தா. சாவி பெரிய டாக்டருகிட்ட கீது, திங்கக்கெழம வருவாருன்னு சொன்னாங்க. அவரு வர்றதுக்குள்ள நாங்க அவள வெள்ளத் துணியில சுத்தி வேன்ல போட்டுக்கினு செங்கல்பட்டு தாண்டிட்டோம்.

உங்களச் சொல்லல சிஸ்டர். நீங்க அப்ப இங்க இல்ல.

கொஞ்சம் நகருங்க. அந்தக் கட்டில்ல இப்ப படுத்துக்கினு கீற புள்ள பேரு இன்னா? மொதல்ல அதுக்குத்தான்.