வலது மூலை

டிசைனர்: ...மறுபடியும் நகர்த்தியிருக்கீங்க சார்!

புரோகிராமர்: எதை?

டிசைனர்: எதையா? எச்சரிக்கைப் பெட்டியை! வலது பக்கம் மேல் மூலையில வெச்சுட்டுப் போனேன். காலையில வந்து திறந்தா, நடு ஸ்கிரீன்ல சப்பணம் போட்டு உக்காந்திருக்கு.

புரோகிராமர்: அங்கதான் நல்லா இருக்கு.

டிசைனர்: நல்லா இருக்கா இல்லையான்னு சொல்றதுக்குத்தான் எனக்குச் சம்பளம் தர்றாங்க. நீங்க கோட் எழுதற வேலையைப் பாருங்க.

புரோகிராமர்: அதைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். நீ வந்து கத்தற வரைக்கும்.

டிசைனர்: கத்தல. இதுதான் என் குரல்.

புரோகிராமர்: அப்ப கத்தினா எப்படி இருக்கும்னு...

டிசைனர்: பேச்சை மாத்தாதீங்க. மத்தியானம் ஆஸ்பத்திரிக்காரங்க வர்றாங்க. நர்ஸுங்க கையில இருக்கப்போற டேப்லெட். நோயாளிக்கு ஒத்துக்காத மருந்தா இருந்தா, ஊசி போடறதுக்கு முன்னாடி அது சொல்லணும். அதுக்குத்தானே இந்தப் பெட்டி?

புரோகிராமர்: அதனாலதான் நடுவுல வெச்சேன். மூலையில வெச்சா யார் பார்ப்பா?

டிசைனர்: நடுவுல வெச்சா மருந்தோட அளவை மறைக்குது. ஒவ்வொரு தடவையும் படிக்காமலே மூடிட்டுப் போவாங்க. ஈயை விரட்டற மாதிரி.

புரோகிராமர்: மூலையில வெச்சா மூடக்கூட மாட்டாங்க. இருக்கறதே தெரியாது.

டிசைனர்: எல்லாருக்கும் தெரியுது சார். டெஸ்டிங் பண்றவங்களுக்குத் தெரியுது. டீ கொண்டுவர்றவர்கூட எட்டிப் பார்த்துட்டு, "அது என்னம்மா செவப்பா?"ன்னு கேட்டார். உங்களுக்கு மட்டும்தான்...

புரோகிராமர்: எனக்கு மட்டும்தான்... என்ன?

டிசைனர்: ...ஒண்ணுமில்ல. பிடிக்கலைன்னு சொல்ல வந்தேன்.

புரோகிராமர்: ஆமா, பிடிக்கல.

டிசைனர்: அன்னைக்கு சேமிக்கற பட்டனை நடுவுக்கு இழுத்துட்டு வந்தீங்க. அதுக்கு முன்னாடி தேடற கட்டம். ஓரத்துல நான் எதை வெச்சாலும் உங்களுக்கு ஆகறதில்ல. ஸ்கிரீன் நடுவுல சந்தை கூடின மாதிரி ஆயிடுச்சு.

புரோகிராமர்: ஒதுங்கி நிக்கறதுங்கள எனக்கு எப்பவுமே பிடிக்காது. மனுஷங்களா இருந்தாலும் சரி, பட்டனா இருந்தாலும் சரி.

டிசைனர்: ஜோக்கா? சிரிக்கணுமா? ...முழங்கையில என்ன?

புரோகிராமர்: எங்க?

டிசைனர்: சட்டையில ரத்தம்.

புரோகிராமர்: அதுவா... கண்ணாடிக் கதவு. எவனோ பாதி திறந்து வெச்சுட்டுப் போயிட்டான்.

டிசைனர்: கதவு உங்களுக்கு எந்தப் பக்கம் இருந்துச்சு?

புரோகிராமர்: இது என்ன போலீஸ் விசாரணையா? இடது பக்கம். போதுமா? வேலையைப் பாரும்மா.

டிசைனர்: சரி... ஒண்ணே ஒண்ணு. ஸ்கிரீனை நேராப் பாருங்க. நோயாளி பேர் தெரியுதா?

புரோகிராமர்: தெரியுது.

டிசைனர்: தலையைத் திருப்பாதீங்க. பெட்டியைப் பழைய இடத்துக்கே மாத்திட்டேன். இப்ப ஒத்துக்காத மருந்து ஒண்ணைத் தொடறேன். ம்... வந்துச்சா?

புரோகிராமர்: வரல. நெட் மெதுவா இருக்கு.

டிசைனர்: இப்ப?

புரோகிராமர்: இல்ல. நீ ஏதோ தப்பா மாத்தியிருக்க.

டிசைனர்: அது வந்து ரொம்ப நேரமாச்சு சார். வலது மூலையில. விட்டு விட்டு மின்னுது.

புரோகிராமர்: ...பார்த்தேன். பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். சும்மா உன்னைச் சீண்டிப் பார்க்கலாம்னு...

டிசைனர்: சார்...

லீடர்: என்ன பஞ்சாயத்து இங்க? ஆஸ்பத்திரிக்காரங்க முன்னாடியே கிளம்பிட்டாங்களாம். எங்க, காட்டுங்க... இது சரி. மூலையிலதான் இருக்கு. அப்புறம் என் மிஷின்ல மட்டும் ஏன் நடுவுல நிக்குது? மூலையில காட்டித்தானே அவங்ககிட்ட சம்மதம் வாங்கினோம்? யார் நகர்த்தினது?

புரோகிராமர்: அது வந்து மேடம்...

டிசைனர்: நான்தான் மேடம்.

லீடர்: நீயா? மூலைதான் வேணும்னு என் மேஜையைத் தட்டிச் சண்டை போட்டவளாச்சே நீ!

டிசைனர்: போட்டேன். அப்புறம் ஒருத்தரை உக்கார வெச்சுப் பார்த்தேன். கண்ணு நடுவுலயேதான் இருந்துச்சு. மூலையில வந்தது அவருக்குத் தெரியவே இல்ல.

லீடர்: யாரது?

டிசைனர்: ...தெரிஞ்சவர்தான். நல்லா வேலை தெரிஞ்சவர்.

லீடர்: அதுக்காக நடுவுல வெச்சா? மருந்தளவு மறையுதே!

புரோகிராமர்: நடுவுலயும் வேணாம் மேடம். நோயாளி பேருக்குக் கீழேயே சிவப்புப் பட்டையா போட்டுடறேன். பேரைச் சரிபார்க்காம யாரும் ஊசி போட மாட்டாங்க. பேரைப் பார்க்கற கண்ணு பட்டையையும் பார்த்துடும். அளவும் மறையாது.

டிசைனர்: ...இதை முதல்லயே சொல்றதுக்கென்ன?

புரோகிராமர்: நீ எங்க வாயைத் திறக்க விட்ட?

லீடர்: அப்பப்பா... உங்க ரெண்டு பேரையும் தனித்தனியா உக்கார வைன்னு எல்லாரும் சொல்றாங்க. ஆனா சண்டை போட்டுத்தான் உங்களுக்கு வேலையே நடக்குது. சரி, பட்டையா போடுங்க. அவங்களுக்கு நான் எடுத்துச் சொல்லிக்கறேன். வந்து உக்கார்றதுக்குள்ள ஓடணும். தெரிஞ்சுதா?

புரோகிராமர்: ஓடும் மேடம்.

டிசைனர்: உக்காருங்க சார், ஆரம்பிக்கலாம்.

புரோகிராமர்: போயிட்டாங்களா?

டிசைனர்: கதவுகிட்ட நிக்கறாங்க. ...ம், இப்ப போயிட்டாங்க.

புரோகிராமர்: ஏன் பொய் சொன்ன?

டிசைனர்: நகர்த்தினது நான்னு சொன்னது மட்டும்தான் பொய். மிச்சம் எது பொய்?

புரோகிராமர்: ...பட்டைக்கு எந்தச் சிவப்பு? சொல்லு, நேரமில்ல.

டிசைனர்: பெட்டிக்குப் போட்ட அதே சிவப்பு. கை அது பாட்டுக்கு டைப் அடிக்கட்டும், வாய் பதில் சொல்லட்டும். எப்பலேர்ந்து?

புரோகிராமர்: ...மழைக்காலத்துலேர்ந்து. ஓரமெல்லாம் கரைஞ்சுக்கிட்டே வருது. குழாய் வழியா பார்க்கற மாதிரி. நடுவுல இருக்கறது தெளிவாத்தான் தெரியுது. அதனால யாருக்கும்... எனக்கே ரொம்ப நாள் தெரியல.

டிசைனர்: டாக்டர்?

புரோகிராமர்: பார்த்தேன். போனது போனதுதானாம். இருக்கறதைக் காப்பாத்திக்கலாம்னு சொட்டு மருந்து குடுத்திருக்கார்.

டிசைனர்: வண்டி ஓட்டலாம்னு சொன்னாரா?

புரோகிராமர்: பட்டை இவ்வளவு அகலம் போதுமா?

டிசைனர்: உங்களைத்தான் கேக்கறேன். மாமா!

புரோகிராமர்: ஷ்ஷ்... ஆபீஸ்ல மாமான்னு கூப்பிடாதேன்னு எத்தனை தடவை சொல்றது? கட்டினவளோட தங்கச்சின்னு தெரிஞ்சா நாளைக்கே ஒருத்தரை வேற டீமுக்குத் தூக்கிடுவாங்க.

டிசைனர்: தூக்கட்டும். வண்டியைப் பத்திச் சொல்லுங்க.

புரோகிராமர்: மெதுவாத்தான் ஓட்டறேன். பழகின ரோடு.

டிசைனர்: நேத்து சாயங்காலம் முக்குல திரும்பினீங்களே... பக்கத்துல வந்த சைக்கிள்காரர் விழுந்தார். பின்னாடி குழந்தையை வெச்சிருந்தார். நீங்க திரும்பிக்கூடப் பார்க்காம போயிட்டீங்க. பின்னாடி வந்த பஸ்ல நான் இருந்தேன்.

புரோகிராமர்: ...விழுந்தாரா?

டிசைனர்: விழுந்தார்.

புரோகிராமர்: குழந்தை?

டிசைனர்: பயந்து அழுதுச்சு. அடி ஒண்ணுமில்ல. இறங்கி ஓடிப்போய்த் தூக்கினேன்.

புரோகிராமர்: சத்தியமா... அப்படி ஒருத்தர் பக்கத்துல வந்ததே எனக்குத் தெரியாது.

டிசைனர்: உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும் மாமா. ராத்திரி பூரா தூக்கம் வரல. இன்னைக்கு எப்படியாவது உங்க வாயிலேர்ந்து வரவெச்சுடணும்னுதான் காலையிலேர்ந்து கத்தறேன்.

புரோகிராமர்: கத்தலன்னு சொன்ன?

டிசைனர்: கத்தினேன்.

புரோகிராமர்: அப்ப பட்டனையெல்லாம் மூலையில வெச்சது... என்னைச் சோதிக்கவா? அடிப்பாவி!

டிசைனர்: சேமிக்கற பட்டன் சோதிக்கத்தான். எச்சரிக்கைப் பெட்டி மட்டும் நிஜமாவே அங்க நல்லா இருக்கும்னு நினைச்சுத்தான் வெச்சேன். அதுல உங்ககிட்ட தோத்துட்டேன்.

புரோகிராமர்: ...ம், முடிஞ்சது. பாரு.

டிசைனர்: இன்னும் ஒரு நூல் கனமா.

புரோகிராமர்: இப்ப?

டிசைனர்: அழகா இருக்கு. ...சாவி?

புரோகிராமர்: இந்தா. எடுத்துக்கோ. நீயே ஓட்டிட்டுப் போ, நான் பஸ்ல வந்துக்கறேன். அந்தச் சைக்கிள்காரர் வீடு தெரிஞ்சா விசாரிச்சுச் சொல்லு, நேர்ல போய்ப் பார்க்கணும். மேடம்கிட்டயும் மீட்டிங் முடிஞ்சதும் சொல்லிடறேன், கண்ணு விஷயத்தை. ஆனா உங்கக்காகிட்ட மட்டும் இப்ப மூச்சு விடாதே. அவ தாங்க மாட்டா. நானா மெதுவா, நேரம் பார்த்து...

டிசைனர்: நீங்களா சொல்ற வரைக்கும் கேக்கக் கூடாதுன்னு அவதான் என் வாயைக் கட்டிப் போட்டிருக்கா மாமா. தினம் உங்க வண்டியில போன பாப்பாவைத் திடீர்னு ஸ்கூல் வேன்ல அனுப்ப ஆரம்பிச்சது எதுக்குன்னு நினைச்சீங்க? ஹால்ல ஓரமா இருந்த ஸ்டூலு, பூந்தொட்டி, செருப்பு ஸ்டாண்டு... ஒண்ணொண்ணா உங்க வழியிலேர்ந்து எடுத்து வெச்சது யாருன்னு நினைச்சீங்க?