பழையபடி ஆகிவிட்டால்

அந்த ஆய்வு மையத்தின் காத்திருப்பு அறையில் கொடுக்கும் பிஸ்கட் நன்றாக இருக்கும். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். அங்கே எல்லாமே மோசம் என்று குறை சொல்ல வந்தவன் என்று நீங்கள் என்னை நினைத்துவிடக் கூடாது. நாற்காலிகள் முதுகை வதைக்காது. நர்ஸ் ஊசி குத்தியதே தெரியாமல் ரத்தம் எடுத்துவிடுவார். மறதி நோய்க்கு மருந்து தேடுகிறவர்கள் நல்லவர்கள். அவர்கள்மேல் எனக்கு வருத்தம் கிடையாது. நீங்கள் என்னை உட்காரவைத்து விசாரிப்பதிலும் வருத்தம் கிடையாது. ரெக்கார்டரை மட்டும் கொஞ்சம் பக்கத்தில் நகர்த்தி வையுங்கள். வாழ்நாள் முழுக்கக் காருக்குள்ளேயே பேசிப் பழகியவன், எனக்கு உரக்கப் பேச வராது.

நான் கார் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவன். பயிற்சிக் காரில் எங்கள் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். படிக்க வருகிறவர் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, உலகமே தன் கையில் இருக்கிறது என்ற நினைப்பில் ஓட்டுவார். என் காலுக்கடியில் ஒரு பிரேக் இருப்பதை அவர் மறந்துபோகும்படி நடந்துகொள்வதுதான் எங்கள் தொழிலில் கெட்டிக்காரத்தனம். நான் யாரையும் அதட்டியதில்லை. தேவைப்படும்போது மெதுவாக ஒரு மிதி, அவ்வளவுதான்.

என் மனைவி தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவள். ஊரில் பாதிப் பேருடைய எண் அவளுக்கு மனப்பாடம். எண்ணோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நான் என்றைக்கோ சொன்ன ஒரு சொல்லை, சொன்ன தொனியோடு, அப்போது நான் போட்டிருந்த சட்டையின் நிறத்தோடு எடுத்து முன்னால் வைப்பாள். அவளோடு சண்டை போடுவது வக்கீல் இல்லாமல் கோர்ட்டுக்குப் போவது மாதிரி. ஒரு தடவைகூட நான் ஜெயித்ததில்லை.

அவளுக்கு ஒரு அக்கா இருந்தாள். ஒரு கல்யாண வீட்டில், பத்துப் பேர் காதில் விழும்படி, "எங்க வீட்டுப் பொண்ணு போயும் போயும் ஒரு டிரைவரைக் கட்டிக்கிட்டா" என்று சொன்னவள். நான் டிரைவர் இல்லை, பயிற்சியாளர். அதைத் திருத்தக்கூட எனக்கு யாரும் இடம் கொடுக்கவில்லை. சில வருஷம் கழித்து அந்த அக்கா ஆஸ்பத்திரியில் படுத்த படுக்கையாக இருந்தபோது, தங்கையைப் பார்க்கவேண்டும் என்று அங்கிருந்து போன் வந்தது. நான்தான் எடுத்தேன். சொல்லிவிடுகிறேன் என்றேன். மறுநாளும் வந்தது. அப்போதும் சொல்லிவிடுகிறேன் என்றுதான் சொன்னேன். எல்லாம் முடிந்த பிறகுதான் இவளுக்கு விஷயம் தெரிந்தது. வேலை மும்முரத்தில் மறந்துவிட்டேன் என்றேன். "மறந்துட்டீங்க. சரி" என்றாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டது, கரண்ட் வந்துவிட்டது என்பதைத் தவிரப் பேச்சே இல்லை. வருஷக்கணக்கில்.

அப்புறம் அவளுக்கு நோய் வந்தது. போன் அடித்தால் எடுத்து, "எந்த நம்பர் வேணும்?" என்று கேட்க ஆரம்பித்தாள். பார்த்தவர்கள் எல்லாம் ஐயோ பாவம் என்றார்கள். நானும் பாவம் என்றேன். ஆனால் ஒருநாள் மத்தியானம் சாப்பிடும்போது அவள் என் தட்டைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் போட்டுக்கங்க, இளைச்சுப் போயிட்டீங்க" என்றாள். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. என்னோடு பேசக் கூடாது என்பதே அவளுக்கு மறந்துபோயிருந்தது. நாங்கள் பார்க்குக்குப் போனோம். என் அசட்டு ஜோக்குகளுக்குச் சிரித்தாள். ஒரே ஜோக்கைத் தினமும் சொன்னாலும் தினமும் சிரித்தாள். இப்படி ஒரு மனைவி எத்தனை ஆண்களுக்குக் கிடைக்கும், சொல்லுங்கள்.

எங்கள் மகள்தான் மருந்து ஆய்வில் அம்மாவின் பெயரைக் கொடுத்தாள். வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். வாரம் ஒருமுறை போனில் அழுவாள். வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? ஆய்வை நடத்திய பெரிய டாக்டர் எங்களை உட்காரவைத்து விளக்கினார். மூளைக்குள் ஒரு புரதம் குப்பை மாதிரி சேர்ந்து, நரம்புகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள முடியாமல் அடைத்துவிடுகிறதாம். இந்த நோய்க்கு அது ஒன்றுதான் காரணமா என்று இன்னும் யாருக்கும் நிச்சயமாகத் தெரியாதாம். இந்தப் புது மருந்து அந்தக் குப்பையை அள்ளிவிடும் என்று தன் பாதி ஆயுளைச் செலவழித்து நம்பிக்கொண்டிருந்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று. ஆனால் குப்பையை அள்ளினால் அடியில் கிடப்பதெல்லாம் வெளியே வருமே என்று ஒரு நினைப்பு ஓடியது. அதை நான் கேட்கவில்லை. படித்தவர்களிடம் அப்படியெல்லாம் கேட்டால் மரியாதையாக இருக்காது.

தினம் காலையில் ஒரு கேப்ஸ்யூல். சிலருக்கு உண்மையான மருந்து, சிலருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று கொடுக்கிற டாக்டருக்கே தெரியாது. மாதம் ஒருமுறை மையத்துக்குப் போனால் ரத்தம் எடுப்பார்கள், கடிகாரம் வரையச் சொல்வார்கள், சில வார்த்தைகளைச் சொல்லித் திருப்பிக் கேட்பார்கள். ஆரம்பத்தில் நான் கேப்ஸ்யூலை ஒழுங்காகத்தான் கொடுத்தேன். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். நான் ஒன்றும் மிருகம் இல்லை.

கொஞ்ச நாளில் அவள் கடிகாரத்தில் முள்ளைச் சரியான இடத்தில் வைத்தாள். போனை எடுத்து ஒழுங்காக ஹலோ சொன்னாள். ஒருநாள் காலையில் நான் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். அவள் சமையலறை வாசலில் வந்து நின்றாள். முகத்தில் அந்தப் பழைய வெளிச்சம்.

"அக்கா ஆஸ்பத்திரியில இருந்து போன் பண்ணாங்க" என்றாள். "நீங்கதான் எடுத்தீங்க."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன். அதெல்லாம் பழைய கதை, இப்போது எதற்கு என்றேன்.

"மறந்துட்டேன்னு சொன்னீங்க. நீங்க ஒண்ணும் மறக்கல" என்றாள்.

பால் பொங்கி வழிந்தது. அவள் அன்று முழுவதும் என்னோடு பேசவில்லை. எங்களுக்கு வந்தது உண்மையான மருந்துதான் என்பது டாக்டருக்குத் தெரிவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

கேப்ஸ்யூலை மெதுவாகத் திருகினால் இரண்டாகக் கழன்றுவிடும். உள்ளே இருக்கிற பொடியைக் கழுவுதொட்டியில் கொட்டிவிட்டு, சர்க்கரைப் பொடி போட்டு மூடிவிடலாம். கை நடுங்காமல் இருந்தால் போதும், எனக்கு நடுங்காது. நான் அவளுக்கு எந்தக் கெடுதலும் கொடுக்கவில்லை. ஒரு நல்லதை நிறுத்தினேன், அவ்வளவுதான். இரண்டும் ஒன்றில்லை என்று உங்களுக்கும் தெரியும். மறுபடி அவள் முகம் தெளிய, அதாவது மங்க, சில வாரம் பிடித்தது. ஒரு சாயங்காலம் நான் அந்தப் பழைய ஜோக்கைச் சொன்னேன். சிரித்தாள். அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

இந்தச் சமயத்தில்தான் மையத்தில் எனக்கு நல்ல பெயர் வந்தது. ஒரு மாதம்கூடத் தவறாமல் கூட்டிவந்தேன், கேட்ட கேள்விக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொன்னேன். இப்படி ஒரு வீட்டுக்காரர் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நர்ஸ் எல்லோரிடமும் சொல்வார். கடைசியில், நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கு நான் ஒரு சின்ன உரை ஆற்ற வேண்டும் என்று பெரிய டாக்டரே கேட்டுக்கொண்டார். தலைப்பு, மருந்தைத் தவறாமல் கொடுப்பது எப்படி. நன்றாகவே பேசினேன். கை தட்டினார்கள்.

அதற்குப் பிறகு பிஸ்கட் சாப்பிடும்போது நடந்ததுதான் உங்களுக்கு வேண்டியது. ஆய்வில் இருந்த ஒரு பல் டாக்டரின் மனைவி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அவருடைய கணவர் அந்தக் காலத்தில் தட்டை வீசி எறிகிற ரகம். நோய் வந்த பிறகு இந்தம்மாவை "மேடம், உட்காருங்க" என்று நாற்காலி இழுத்துப் போடுகிறாராம். அதைச் சொல்லும்போது அந்தம்மா புதுப்பெண் மாதிரி சிவந்துபோனார். நான் ரொம்ப மரியாதையாக, "மருந்து வேலை செஞ்சா உங்க வீட்டுக்காரர் பழையபடி ஆயிடுவார்" என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன். அவர் கையில் இருந்த பிஸ்கட் பாதியில் நின்றது.

அடுத்த மாதம் கேப்ஸ்யூல் எப்படிக் கழலும் என்று அவரே கேட்டார். சர்க்கரை போடலாமா என்பதில் அவருக்கு ஒரு சங்கடம். பல் டாக்டர் இனிப்பே தொடமாட்டாராம், நீரிழிவு வேறு. மைதா மாவு போடுங்கள் என்றேன்.

பிறகு, தலைமையாசிரியையாக இருந்த ஒரு அம்மாவின் மகன். ஐம்பது வயது ஆள். அம்மா ஜென்மத்தில் ஒருமுறைகூட அவரைப் பாராட்டியதில்லை. நோய் வந்த பிறகு, யார் வந்தாலும் இவரைக் காட்டி "எவ்வளவு நல்ல பிள்ளை பாருங்க" என்கிறாராம். அவரிடமும் அந்த ஒரு வார்த்தையைத்தான் சொன்னேன். பழையபடி. நான் யாரையும் தூண்டவில்லை, மிரட்டவில்லை, கையைப் பிடித்து இழுக்கவில்லை. பழையபடி ஆகவேண்டும் என்று டாக்டர் முன்னால் எல்லோரும் வாய்விட்டுக் கேட்டதைத்தான் நான் தனியாக அவர்கள் காதில் சொன்னேன். அது சிலருக்கு இனிக்கவில்லை என்றால் அதற்கு நானா பொறுப்பு? கொஞ்ச நாளில் அந்த அறையில் பாதிப் பேர் என்னைப் பார்த்தால் லேசாகத் தலையாட்டுவார்கள். நர்ஸ் அதைப் பார்த்துவிட்டு, குடும்பத்தாருக்குள் எவ்வளவு அன்பு பாருங்கள் என்பார்.

எல்லோரிடமும் நான் பேசவில்லை. பேக்கரிக்காரர் ஒருவர் தன் அண்ணனைக் கூட்டிவருவார். ஒரே அடுப்படியில் நாற்பது வருஷம் சேர்ந்து வெந்தவர்கள். அண்ணன் இவரைப் பார்த்து "யாருப்பா நீ?" என்று கேட்கும்போதெல்லாம் இவர் திரும்பி நின்று மூக்கைச் சிந்துவார். அவரிடம் போய் நான் என்ன சொல்வது? அண்ணன் பழையபடி ஆகவேண்டும் என்றுதானே அவர் கிடந்து தவித்தார். அப்படிப்பட்டவரிடம் வாயைக் கொடுக்கக் கூடாது என்று விட்டுவிட்டேன்.

சின்ன ஆய்வு அது. அந்த ஒரு மையத்தில் மட்டும்தான் நடந்தது. முடிவில் மருந்து சாப்பிட்டவர்களுக்கும் மாவு சாப்பிட்டவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று வந்தது. மருந்து செய்த நிறுவனம் கடையைக் கட்டிவிட்டது. கடைசி நாள் பெரிய டாக்டர் எங்கள் எல்லோருக்கும் நன்றி சொன்னார். சொல்லிக்கொண்டே இருந்தவர் முகத்தை மூடிக்கொண்டார். நான்தான் எழுந்துபோய்த் தண்ணீர் கொடுத்தேன்.

எடுத்துவைத்த ரத்தத்தை யாரோ மறுபடி சோதித்துப் பார்ப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உண்மையான மருந்து கிடைத்தவர்களில் பாதிப் பேர் ரத்தத்தில் மருந்தே இல்லை என்று நீங்கள் சொன்னீர்கள். மருந்து இருந்தவர்களுக்கெல்லாம் நோய் பின்வாங்கியிருக்கிறது என்றும் சொன்னீர்கள். பேக்கரிக்காரரின் அண்ணன் அடுப்பருகே நின்று, ரொட்டி கருகிவிட்டது என்று தம்பியைத் திட்டுகிற அளவுக்கு வந்திருந்தாராம். மருந்து நின்றுபோனதால் இப்போது மறுபடி "யாருப்பா நீ?" என்கிறாராம். கேட்கக் கஷ்டமாகத்தான் இருந்தது.

தெரிந்தே செய்தீர்களா என்று கேட்டீர்கள். தெரிந்தேதான் செய்தேன். மருந்து வேலை செய்கிறது என்பதை உலகத்திலேயே முதலில் கண்டுபிடித்தவன் நான்தான். சமையலறையில், பால் பொங்கும்போது. கண்டுபிடித்துவிட்டு அதைக் கழுவுதொட்டியில் கொட்டினேன். மற்றவர்களுக்கும் கொட்டச் சொல்லிக்கொடுத்தேன். உங்கள் வார்த்தையில் அது குற்றம் என்றால் குற்றம்தான், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவள் சந்தோஷத்துக்காகத்தான் செய்தேன். சந்தேகம் இருந்தால் வீட்டுக்கு வந்து பாருங்கள்.

இப்போது அவளுக்கு என்னைத் தெரியவில்லை. சார் என்று கூப்பிடுகிறாள், ரொம்ப மரியாதையாக. நேற்று ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவள் திடீரென்று, "சார், அந்தக் கதவைச் சாத்திடுங்க. எங்க வீட்டுக்காரர் வந்துடுவார்" என்றாள்.

வந்தால் என்ன என்று கேட்டேன்.

"அவர் நல்லவர் இல்ல சார்" என்றாள், குரலைத் தாழ்த்திக்கொண்டு. "எங்க அக்கா சாகக் கிடந்தப்போ போன் வந்துச்சு. எடுத்துட்டு என்கிட்ட சொல்லவே இல்ல. நீங்க இங்கேயே இருங்க. நீங்க இருந்தா எனக்குப் பயமில்ல."

நான் எழுந்துபோய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். வந்து பக்கத்தில் உட்கார்ந்து, இனி அவர் வரமாட்டார் என்றேன். அவள் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், முதல்முறையாக நாங்கள் இரண்டு பேரும் ஒரே கட்சியில் இருக்கிறோம்.