எட்டுக் கால் ஐசி

— மேசை மேல வைக்காத வெண்மதி. முடியாதுன்னு வந்ததுமே சொன்னனா இல்லையா?

— சொன்னீங்க சந்திரமோகன்ணா. ஏன் முடியாதுன்னு சொல்லலைங்களே.

— டிவி கொண்டா, மோட்டார் ஸ்டார்ட்டர் கொண்டா, பாத்துத் தர்றேன். மண்டித் தராசு போர்டு எனக்கு என்னத்துக்கு?

— எல்லாம் ஒரே ஈயந்தானுங்க. இதுல ஒரு ஐசியைக் கழட்டிக் குடுத்தாப் போதும்.

— ஓஹோ, எனக்கே பாடமா?

— பாடம் இல்லைங்ணா. சித்தேரியில இருந்து தெனமும் மொத பஸ்ஸுல எறங்குறவ நான். அரூர்ல கேட்டேன், நாளைக்கு வான்னாங்க. நாலு நாளா அதே நாளைக்கு. கம்பைநல்லூர்ல தொடவே மாட்டேன்னுட்டாங்க. கடத்தூர் வந்தா நீங்க மொகத்தையே திருப்பிக்கிறீங்க. எனக்கு அழுகையா வருதுங்க.

— அழுது என்ன ஆவப்போவுது? இந்தா, இந்தக் கறுப்பு ஐசியைப் பாரு. எட்டுக் காலு. எட்டுலயும் ஈயம் ஒண்ணா உருகுனாத்தான் கையோட வரும். ஒண்ண உருக்கி அடுத்ததுக்குப் போறதுக்குள்ள மொதக் காலு இறுகிக்கும். சூட்டைக் கூட்டி வச்சோம்னு வையி, ஐசியும் செத்துரும், எடை காட்டுறதுக்கு உள்ள எழுதியிருக்கிற கணக்கும் போயிரும். அப்பறம் யாரு தலையை உருட்டுவ? என் தலையத்தான.

— தெரியுங்க. மண்டிக்காரரு பழைய தராசு ரெண்டையும் காயலாங்கடையில போட்டாரு. அதுக்குள்ள இருந்த ரெண்டு போர்டையும் நான்தான் வாங்கியாந்தேன். ஒண்ணை பாலிடெக்னிக் சுசித்ரா மேடம் கழட்டிப் பாத்தாங்க. கருகிப்போச்சு. இதை நான் தொட மாட்டேன், நீ கழட்டிக் கொண்டா, படிச்சு மட்டும் தர்றேன்னுட்டாங்க.

— காயலாங்கடையில போட்டுட்டாரா? எப்போ?

— விவசாயிங்க சங்கத்துல எடை ஏன் கொறையுதுன்னு நாங்க கேள்வி கேட்ட மறுநாளே. இப்ப புதுத் தராசு பளபளன்னு சரியா எடை காட்டுது. இனி இது ஒண்ணுதாங்க சாட்சி.

— ஒனக்கு என்னத்துக்கும்மா இந்த வம்பு?

— மலைக்காரிக்கு எடை பாக்கத் தெரியலன்னு மண்டிக்காரரு அத்தன பேரு முன்னாடி சிரிச்சாருங்க. எங்க ஊருச் சனமும் சேந்து சிரிச்சுது. அதான் என்னத்துக்குன்னு கேக்குறீங்களே, அதுக்குத்தான்.

— பக்கத்துல பிளாஸ்டிக் சாக்கெட்டு இருக்குது. சூடு பட்டா உருகிரும்.

— சூடு தாங்குற மஞ்ச டேப்பு ஒட்டி மறைச்சுக்கலாங்க. கொண்டாந்திருக்கேன்.

— ஐசியை நெம்பி எடுக்கப் பாத்தா போர்டுல இருக்கிற செம்பு பிஞ்சுக்கிட்டு வரும்.

— அதுக்குத்தான் மேடம் இதைக் குடுத்தாங்க. சீக்கிரம் உருகுற ஈயமாம்.

— இதை வேற குடுத்து அனுப்பிச்சாங்களா? ஒரு சாக்கும் சொல்ல விடமாட்ட போல.

— சொல்லுங்க, இன்னும் என்ன இருக்குது?

— என்ன இருக்குது, ஒண்ணும் இல்ல. போர்டைப் புடி. இடுக்கியால ஓரத்தைப் புடி, ஆட்டாத. மொதல்ல ஈயம் ஓடுறதுக்குப் பேஸ்ட்டு. இப்ப இந்த ஈயத்தை எட்டுக் காலும் முங்குற மாதிரி ரெண்டு பக்கமும் பூசுறேன். பழைய ஈயத்தோட கலந்துட்டா கொஞ்ச சூட்டுலயே உருகும், சீக்கிரத்துல இறுகாது. சால்டரிங் அயர்னை அந்தப் பக்கம் ஒருக்கா, இந்தப் பக்கம் ஒருக்கா. எங்கயும் நிக்கப்படாது.

— இடுக்கி வழுக்குதுங்ணா.

— பதறாத காரியம் சிதறாது. வாய் ஓயாமப் பேசுனவதான, இப்பவும் பேசு. மூட்டைக்கு எவ்வளவு கொறைஞ்சுது?

— ரெண்டு கிலோங்க. ரேசன் கடைத் தராசுல அம்பது கிலோ சாமை. மண்டியில ஏத்துனா நாப்பத்தெட்டு.

— அட, அது கழிவும்மா. சாக்குக்கும் தூசிக்கும் கழிக்கிறது. எல்லா மண்டியிலயும் உள்ளதுதான். இதுக்குப் போயி இத்தனை கூத்தா?

— அந்தக் கழிவைத் தனியாச் சீட்டுல எழுதிக் கழிச்சுட்டாருங்க. இது அது போகத் தராசு தின்னது. அண்ணா, அயர்னை ஏன் எடுத்துட்டீங்க? ஈயம் இறுகிரும்ங்க.

— சீட்டுல தனியாவா எழுதுனாரு?

— இந்தா பாருங்க சீட்டு. சாக்கு, தூசி, ரெண்டு கிலோ. ஒவ்வொரு மூட்டைக்கும் போட்டிருக்குது. என்னங்ணா, சீட்டையே பாத்துக்கிட்டிருக்கீங்க?

— கழிவைத் தராசுக்குள்ளயே போட்டுரு, சீட்டுல எழுதுற வேலை மிச்சம்னு சொல்லித்தாம்மா அந்தாளு இந்த ஐசியை என்கிட்ட எழுதி வாங்கிட்டுப் போனான்.