பக்கத்துக் கம்பெனி

அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்திடலாமா மேடம்? கொக்கி தளர்ந்துபோச்சு, காத்தடிக்கும்போதெல்லாம் டொக்கு டொக்குன்னு இடிக்குது. ஒரு அட்டைத் துண்டை மடிச்சுச் செருகினா நின்னுடும். இருங்க, நானே செருகிடறேன். இப்ப நிம்மதியாப் பேசலாம், நீங்க எழுதிக்குங்க.

நான் சோபா மெத்தை செய்யிற கம்பெனியில மேனேஜர். லைசென்ஸ் புதுப்பிக்கிறது, வர்ற ஆபீசர்களைக் கவனிச்சுக்கிறது, எல்லாம் என் பொறுப்பு. ஒரே பெரிய ஹால். முன்பாதியில தையல் மிஷின். பின்பாதியில ஸ்பாஞ்சை வெட்டிப் பசை போட்டு ஒட்டற வேலை. தெருவுக்குப் போற வாசல் முன்பக்கம்தான். பின்னால லாரிக்கு ஒரு ஷட்டர் உண்டு, கரண்ட்ல ஏறி இறங்கும்.

இந்த வருஷம் சட்டத்தை மாத்தினாங்க. முன்னெல்லாம் ஐம்பது பேருக்கு மேல வேலை செய்யிற இடத்துக்குத்தான் ரெண்டாவது வாசல், புகை வந்தா அடிக்கிற மணி, கூரையில தண்ணிக் குழாய் எல்லாம் கட்டாயம். இப்ப இருபது பேருக்கு மேல இருந்தாலே வேணும்னுட்டாங்க. நாங்க நாப்பதுக்குக் கொஞ்சம் கம்மி. "இதெல்லாம் போட்டா கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான். எப்படியாவது ஒரு வழி பண்ணுங்க"ன்னார் முதலாளி. நான் சட்டத்தை மீறுற ஆள் இல்ல மேடம். தெருவுல ஈ காக்கா இல்லேன்னாலும் சிவப்பு விளக்குக்கு நின்னுதான் போவேன், வீட்டுல கிண்டல் பண்ணுவாங்க.

அதனால அந்தச் சட்டத்தை உட்கார்ந்து திரும்பத் திரும்பப் படிச்சேன். தலையெண்ணிக்கை ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனின்னு இருந்துச்சு. ஹாலுக்கு நடுவுல ஒரு சுவரு எழுப்பினேன். பின்பாதி முதலாளியோட சம்சாரம் பேர்ல தனிக் கம்பெனி. ரெண்டு போர்டு, ரெண்டு லைசென்ஸ், ரெண்டு கரண்ட் மீட்டர். இந்தப் பக்கமும் இருபதுக்குள்ள, அந்தப் பக்கமும் இருபதுக்குள்ள. முதலாளி என் முதுகுல தட்டி, "மூளைக்காரர்யா நீங்க"ன்னார். எனக்குப் பெருமையா இருந்துச்சு, அதை எதுக்கு மறைக்கணும்.

ஒரே தொல்லை, ஒட்டின ஸ்பாஞ்ச் முன்பக்கம் வந்தாகணும். அதுக்காகச் சுவத்துல ஒரு இரும்புக் கதவு வச்சோம். முதல் தடவை வந்த இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்துட்டு, "நடுவுல போக்குவரத்து இருந்தா ரெண்டும் ஒரே இடம்னுதான் எழுதுவேன்"ன்னார். அடைச்சுடறோம் சார்னேன். கதவுக்குச் சுவத்து நிறத்தையே அடிச்சேன். மத்த நாள்ல அது திறந்தே கிடக்கும். ஆபீசர் வண்டி வாசல்ல வந்து நின்னா பூட்டி, சாவியைப் பையில போட்டுக்குவேன். முன்னால ரெண்டு துணி ரோலை நிமிர்த்தி வச்சா கதவே தெரியாது. அந்தப் பக்கத்து ஆளுங்களுக்கும் சொல்லி வச்சிருந்தேன். கதவு பூட்டியிருந்தா ஆபீசர் இருக்கார்னு அர்த்தம், தட்டக் கூடாது, குரல் கொடுக்கக் கூடாது. ஒத்திகைகூடப் பார்த்தோம்.

ஆளைப் பிரிக்கும்போது முன்பக்கம் ஒருத்தர் கூடுதலா நின்னாங்க. என் மச்சினனை, என் சம்சாரத்தோட தம்பியை, அந்தப் பக்கம் மாத்தினேன். வேற யாரை மாத்தினாலும் சொந்தக்காரனை விட்டுட்டான்னு முணுமுணுப்பாங்க இல்லையா. அவன் தையல்காரன், பசை வாடை அவனுக்கு ஆகாது. ஆனாலும் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கல. தினமும் என் வண்டியிலதான் பின்னால உட்கார்ந்து வருவான். "ஒரே வண்டியில ரெண்டு கம்பெனிக்கு வர்றோம் அத்தான். போலீஸ்காரன் பிடிச்சா எந்தக் கம்பெனி பேரைச் சொல்றது?"ன்னு கேட்டுச் சிரிப்பான். வாய் ஓயாது அவனுக்கு. அக்காக்காரிக்கு அவன்னா உசிரு.

அன்னிக்கு இன்ஸ்பெக்டர் காலையில வந்தார். கதவைப் பூட்டிட்டுத்தான் அவரை உள்ள கூப்பிட்டேன். டீ வந்துச்சு. அவர் பாதி எழுதிக்கிட்டிருக்கும்போது, அந்தப் பக்கத்து ஷட்டர் மோட்டார் ஒரு தடவை உறுமிட்டு நின்னுபோச்சு. கூடவே பசை கருகுற வாடை. அந்த வாடை எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. கரண்ட் போனா ஷட்டர் ஏறாதுங்கிறதும் எனக்குத்தான் தெரியும்.

முதல்ல யாருமே தட்டல மேடம். பழக்கி வச்சது அப்படி. அப்புறம் ஒரே ஒரு தட்டு, மெதுவா, விரல் முட்டியால. திட்டு விழுமோன்னு பயந்த மாதிரி. அதுக்கப்புறம்தான் நிறைய கை.

தையல்காரங்க மிஷினை நிறுத்திட்டு என்னையே பார்த்தாங்க. ஓட்டுங்கன்னு கையைக் காட்டினேன், ஓட்டினாங்க. அவங்களைக் குத்தம் சொல்லாதீங்க, அவங்களையும் நான்தான் பழக்கினேன்.

இன்ஸ்பெக்டர் பேனாவை நிறுத்தினார். "என்ன சத்தம்?"

"பக்கத்துக் கம்பெனி சார். எப்பவும் எதையாவது இடிச்சுக்கிட்டே இருப்பாங்க."

"ஏதோ கருகுதே?"

"அதுவும் அங்கதான். நம்மளுது இல்ல."

அப்ப "அத்தான், அத்தான்"னு ஒரு குரல் வந்துச்சு. "யாரையோ கூப்பிடறாங்களே"ன்னார். "எங்க ஆளுங்க எல்லாம் என்னை சார்னுதான் கூப்பிடுவாங்க"ன்னேன். அது பொய் இல்ல. அவர் கையெழுத்துப் போட்டார். கூடவே போய் அவருக்கு வண்டிக் கதவைத் திறந்துவிட்டேன். வண்டி தெருமுனை திரும்பினதும் உள்ள வந்து, துணி ரோலை நகர்த்திப் பூட்டைத் திறந்தேன். தட்டறது நின்னுபோயிருந்துச்சு. கதவு பாதிதான் திறந்துச்சு, பின்னால ஆளுங்க சாஞ்சிருந்தாங்க.

எனக்கு அழுகை வரல. இன்னும் வரல, எல்லாம் மரத்துப்போச்சு. என் சம்சாரம் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். "அவன் உங்களைக் கூப்பிடலையா?" இல்லேன்னுட்டேன். உங்ககிட்ட மறைக்கல. கூப்பிட்டான், எனக்குக் கேட்டுச்சு. சாவி பையில இருந்துச்சு, என் கையும் பையிலதான் இருந்துச்சு. திறந்திருந்தா எல்லாரும் இந்தப் பக்கம் ஓடி வந்திருப்பாங்க. இன்ஸ்பெக்டர் கண்ணு முன்னாலேயே ரெண்டும் ஒரே கம்பெனின்னு ஆகியிருக்கும். இருபதுக்கு மேல போயிருப்போம்.

வாக்குமூலத்தைக் கொடுங்க, கையெழுத்துப் போடறேன். ஒரே ஒரு திருத்தம். 'எங்கள் கம்பெனியில் ஏழு பேர் இறந்தார்கள்'னு எழுதியிருக்கீங்க. அது தப்பு மேடம். எங்க கம்பெனியில யாருக்கும் ஒரு கீறல்கூட இல்ல.