ஏழு ஒன்பதான இடம்

— லெனோர்! ஏய் லெனோர்! இந்தக் குட்டி பேஸ்மென்ட்ல அறுபது பேருடி! துணி துவைக்கிற மெஷின் மேலகூட ரெண்டு பேர் ஏறி உக்காந்திருக்காங்க!

— என்ன? இந்தப் பக்கம் வந்து சொல்லு, டோபின். என் டிரம்ஸ் மேல சாயாதே.

— சிகாகோலேர்ந்து அந்த ரெக்கார்டு கம்பெனி ஆள் வந்துட்டார்! இந்தப் பனியில ரெண்டரை மணி நேரம் வண்டி ஓட்டிட்டு, நமக்காக! இதோட மூணாவது தடவையா கிட்டார் தந்தியை முறுக்குறேன் பாரு.

— போதும் முறுக்கினது. தந்தியை அறுத்துடாதே. என்ன சொன்னார்?

— “பங்க் பாட்டு மாதிரி கத்துறீங்க, எமோ பாட்டு மாதிரி அழறீங்க, நடுவுல கணக்கு வாத்தியார் மாதிரி எண்ணவும் செய்றீங்க, எப்படிப்பா?”ன்னார். எல்லாம் லெனோரோட காதுன்னேன். இப்படி ஒரு காது இல்லினாய்லயே கிடையாதுன்னேன்.

— சும்மா இரு.

— கேளுடி! போன மாசம் டிகேட்டர் ஊர்ல வாசிச்சோமே, அன்னிக்கு அவரும் கூட்டத்துல இருந்தாராம், ஏழு தட்டுல போயிட்டிருந்த பாட்டை நீ திடீர்னு ஒம்பதா உடைச்சியே, அந்த இடம்தான் அவருக்கு உயிராம். இன்னிக்கும் அப்படியே வாசிச்சா ரெக்கார்டு போடுறாராம்!

— டேய், அது தப்புடா.

— எது?

— அந்த ஒம்பது. நான் தாளத்தை விட்டுட்டேன். ஜனங்க ஏதோ பெரிய வித்தைன்னு நெனச்சுட்டாங்க. நம்ம கூட்டத்துக்கு எண்ண முடியாம போனாப் போதும், கைதட்டிடுவாங்க.

— அட, நானும்ல மெய்மறந்து நின்னேன்! சரி விடு, அதே தப்பை இன்னிக்கும் பண்ணிடு. நானும் அன்னிக்கு மாதிரியே கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிக் குதிக்கிறேன்.

— வேணாம். என்னைப் பார்த்து நில்லு. எப்பவும் போல.

— ஏண்டி எப்பப் பார்த்தாலும் இதே பாட்டு? பேண்டு ஆரம்பிச்சு ஏழு மாசம் ஆச்சு, இந்த ரெண்டு மாசமா ஜனங்களுக்கு என் முதுகுதான் தெரியுது! எங்க அம்மா வேற முதல் தடவையா வந்திருக்காங்க.

— அன்னிக்கு நீ திரும்பினதும்தானே தாளம் போச்சு?

— நான் எப்படித் திரும்பினா உனக்கென்ன? கிட்டார் கேக்குதுல்ல?

— சத்தம் ஆரம்பிச்சா உன் கிட்டார் எனக்குக் கேக்கறதே இல்லடா, கிறிஸ்துமஸ்லேர்ந்து. நீ வலது காலால தரையில தட்டுறியே, அதைப் பார்த்துத்தான் இவ்வளவு நாளா வாசிக்கிறேன். காது டாக்டர் இன்னிக்கோட வாசிக்கிறதையே நிறுத்தச் சொல்லிட்டார். ஷூ நாடாவை இறுக்கிக் கட்டு, இந்த ஒரு தடவை அந்தக் காலை எனக்குக் குடு.