காப்பு கட்டிய கை

எலியை வாலின் அடியில் பிடிக்க வேண்டும், கிராணி ஐயா. நுனியில் பிடித்தால் திரும்பிக் கடித்துவிடும். நான் இரண்டு வருஷம் அந்த வேலை பார்த்தும் இரண்டே தடவைதான் கடி வாங்கியிருக்கிறேன். நான் சொல்வதை அப்படியே எழுதி, விசாரிக்க வந்திருக்கும் வெள்ளைக்காரத் துரைக்கு இங்கிலீஷில் சொல்லிவிடுங்கள். எனக்காக எதையும் மாற்ற வேண்டாம்.

என் பெயர் லெட்சுமணன். லாயாங் லாயாங் பக்கத்து ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் புண்ணுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தவன். ஜப்பான்காரன் வந்த பிறகு தம்போய்ப் பக்கம் ஒரு மருந்துக் கூடத்துக்கு என்னைக் கொண்டுபோனார்கள். அங்கிருந்த ஜப்பான் டாக்டர் அதட்டிப் பேசாத மனிதர். வலி மருந்து தீர்ந்துவிட்டதால், ஏதோ இலையைக் காய்ச்சித் தானே ஒன்று செய்துகொண்டிருந்தார். எலிக்கு அதை ஊசியில் ஏற்றி, வாலைச் சுடுதண்ணீரில் விட்டு நான் எண்ண வேண்டும். மருந்து போடாத எலி மூன்றுக்குள் வாலை இழுத்துக்கொள்ளும். பத்துவரை இழுக்காமல் இருந்தால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம்.

வேலை செய்யவில்லை. மருந்து போட்ட எலியும் மூன்றில் இழுத்தது. மருந்து சரிவராவிட்டால் கூடத்தை மூடுவார்கள், எங்கள் பெயர் சயாம் ரயில் பாதை வேலைக்குப் போய்விடும். சயாமுக்குப் போன என் மைத்துனன் திரும்பவில்லை. எனக்கு உயிர்மேல் ஆசை இருந்தது, ஐயா.

சோதித்து முடிந்த எலிகளைக் கொன்றுவிட வேண்டும். நான் சிலவற்றைக் கொல்லாமல் வைத்திருந்தேன். பல தடவை வெந்து அவற்றின் வால் மரத்துப்போயிருந்தது. தழும்பு தெரியாதபடி அடுப்புக்கரி தேய்த்து, மருந்துக் கூண்டில் மாற்றிப் போட்டேன். பத்து எண்ணியும் ஒன்றும் அசையவில்லை. டாக்டர் என் தோளைத் தட்டிக் கொடுத்தார். எண்ணிக்கையில் பொய் இல்லையே என்று அப்போது எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அடுத்து ஒரு மனிதனுக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்றார். ஆளை என்னையே தேடிக் கொண்டுவரச் சொன்னார். "போலே?" என்று மலாயில் கேட்டார், முடியுமா என்று.

எனக்கு யோசிக்க வேண்டியே இருக்கவில்லை. எங்கள் தோட்டத்தில் பால் மரம் வெட்டும் அர்ச்சுனன் வருஷா வருஷம் மாரியம்மன் திருவிழாவில் தீ மிதிப்பவன். கையில் காப்பு கட்டிவிட்டால் அலகு குத்தினாலும் முகம் சுளிக்க மாட்டான். அவன் காலில் ஆறாத புண் ஒன்று இருந்தது. அதைச் சுரண்டி எடுக்கும்போது மருந்தைச் சோதிக்கலாம் என்று டாக்டரிடம் சொன்னேன். அவனிடம் போய், வலிக்காத மருந்து வந்திருக்கிறது, காப்பு கட்டிக்கொண்டு ஆரம்பிக்கலாம் என்றேன்.

"வலிக்காதுன்னா காப்பு எதுக்குண்ணே?" என்றான்.

"ஆத்தா பேரச் சொல்லி ஆரம்பிச்சா நல்லது, அர்ச்சுனா. மூணு நாள் விரதம் இரு. நானே கட்டி விடுறேன்."

மூன்று நாளும் ஒரு வேளை மரவள்ளிக்கிழங்கோடு இருந்தான். மஞ்சள் துண்டை நூலில் முடிந்து நான் கட்டினேன். காப்புக் கையோடு கத்தினால் தெய்வக் குற்றம் என்பது அவனுக்குத் தெரியும், எனக்கும் தெரியும், டாக்டருக்குத் தெரியாது. டாக்டர் சுரண்டச் சுரண்ட நான் எண்ணினேன். முந்நூறு எண்ணியும் அவன் முனகவில்லை. உங்களிடம் இருக்கும் இரண்டு சோதனைத் தாள்களில் முதல் தாளில் 'வலி இல்லை' என்று எழுதியது அன்றைக்குத்தான்.

மறுவாரமே மருந்து கூடத்துக்குப் பக்கத்திலிருந்த ஆஸ்பத்திரிக்குப் போயிற்று. சயாமிலிருந்து அழுகிய காலோடு திரும்பிய முப்பத்தொரு பேர் அங்கே கிடந்தார்கள். அந்த ஊசியைப் போட்டே அவர்கள் கால்களை அறுத்தார்கள். அவர்களுக்கு யாரும் காப்பு கட்டவில்லை. சத்தம் எங்கள் கூடம்வரை கேட்டது. டாக்டர் என்னைப் பார்த்தார். பயத்தில் கத்துகிறார்கள், அர்ச்சுனன் கத்தவில்லையே என்றேன். சந்தேகம் தீர அவனையே மறுபடி கொண்டுவரச் சொன்னார். அதற்குள் அவன் புண் எலும்புவரை இறங்கிவிட்டது, காலை எடுத்தாக வேண்டும்.

மேசையில் படுத்துக்கொண்டு என் கையைப் பிடித்தான்.

"அன்னிக்கு மருந்து புடிக்கலண்ணே. உசுரு போயிருச்சு. நீங்க கட்டின காப்பாச்சேன்னு பல்லக் கடிச்சுக்கிட்டுக் கெடந்தேன். இன்னிக்குக் காப்பு வேணாம். கத்திக்கிறேன்."

அவன் கேட்டது அவ்வளவுதான். அவன் கத்தினால் என் பெயர் சயாமுக்குப் போகும். மஞ்சள் நூல் என் சட்டைப் பையில் தயாராக இருந்தது. எடுத்துக் கட்டினேன். அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. என்னை மட்டும் பார்த்துக்கொண்டே இருந்தான்.

டாக்டர் காலை அறுக்க அறுக்க நான் எண்ணினேன். நானூற்றுப் பன்னிரண்டில் அவன் மூச்சு நின்றது. இரண்டாம் தாளிலும் 'வலி இல்லை' என்றே எழுதினேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஐயா. உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

எலிக்குக்கூடப் பத்து எண்ணியதும் வாலைத் தண்ணீரிலிருந்து நானே எடுத்துவிடுவேன். அர்ச்சுனனுக்கு எண்ணிக்கொண்டே இருந்தேன்.